ஆயிரம் கிலோமீட்டர் சுற்றி வா!

ஃபோன் அடித்தது.

அந்த மேஜையில் மூன்று ஃபோன்கள். ஒன்று விமானிகளோடு பேச. இன்னொன்று விமான நிலையத்தோடு பேச. மூன்றாவது வெளியாட்களுக்கு. அது அடித்து டிஸ்பாட்சர் பார்த்ததே இல்லை.

அடித்தது அந்த மூன்றாவது!

டிஸ்பாட்சர் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தார். விடிந்தும் விடியாத ஐந்தரை மணி.

விமானத்தை ஓட்டுகிறவர் விமானி என்பது ஊருக்கே தெரியும். அது எந்த வழியாகப் போகவேண்டும், எவ்வளவு எரிபொருள் நிரப்பவேண்டும், எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று தரையில் உட்கார்ந்து கணக்குப் போட ஒருத்தர் உண்டு. அவர்தான் டிஸ்பாட்சர். இப்படி ஒரு வேலை இருப்பது அவர் மாமனாருக்கு இன்றுவரை புரியவில்லை. "மாப்பிள்ளை ஏர்போர்ட்ல ஏதோ எழுதறார்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"ஹலோ..."

"உங்க சம்சாரம் நீச்சல் கோச்தானே?" ஆண் குரல். வயதான குரல். அவசரமில்லாத குரல்.

"ஆமா. நீங்க யாரு?"

"காலையில அஞ்சு மணிக்குக் குளத்தைத் திறக்க வருவாங்க. இன்னிக்குத் திறக்கலை. என் பக்கத்துல உட்கார்ந்திருக்காங்க."

டிஸ்பாட்சர் எழுந்து நின்றுவிட்டார்.

"விளையாடறீங்களா?"

"பேசுங்கம்மா."

ஒரு கரகரப்பு... பிறகு அந்தக் குரல். பதினோரு வருஷமாகக் காலையில் முதலில் கேட்கிற குரல்.

"ஏங்க... நான்தான். அடி கிடி ஒண்ணும் படலை. கத்தி வெச்சிருக்கார். அவர் என்ன சொல்றாரோ அதைச் செஞ்சுடுங்க."

அவ்வளவுதான். மறுபடியும் அந்த ஆள்.

"கேட்டுக்கிட்டீங்களா? ஏழு மணிக்கு அந்தக் கோடியிலேர்ந்து உங்க வண்டி ஒண்ணு கிளம்புது. ஒன்பது மணி நேர ஓட்டம். இங்கே வந்து சேர சாயந்தரம் நாலு."

"வண்டியா?"

"விமானம்தான் சார். அது நாலு மணிக்கு வரக்கூடாது. அஞ்சரைக்கு வரணும்."

"அதை நான் எப்படிப் பண்ண முடியும்? பைலட்..."

"பைலட்னு ஊரை ஏமாத்துங்க. வழி போட்டுக் குடுக்கறது நீங்க. ஆயிரம் கிலோமீட்டர் கூட்டிப் போடுங்க. தெற்கால சுத்தி வரட்டும். கிலோமீட்டர் ஏறினா நேரம் ஏறும்."

"எதுக்கு இது?"

"அது உங்களுக்கு வேண்டாம். என் செல்லுல மேப் இருக்கு. வண்டி போறதை உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருப்பேன். இனிமே பழைய வழிக்குத் திரும்பிப் பிரயோஜனமில்லைங்கற இடம் ஒண்ணு வருமில்லையா? அதைத் தாண்டிட்டா உங்க சம்சாரம் வீட்டுக்கு வந்துடுவாங்க. தாண்டலைன்னா..."

குரல் அங்கேயே நின்றது. மிச்சத்தை டிஸ்பாட்சரே நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

"போலீஸுக்குப் போகக்கூடாது. அதானே?"

"விவரமான ஆளு."

வைத்துவிட்டான்!

டிஸ்பாட்சர் மனைவியின் செல்லுக்கு அடித்துப் பார்த்தார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. குளத்துக்கு அடித்தார். காவலாளி எடுத்து, கோச் இன்னும் வரவில்லை, பிள்ளைகள் எல்லாம் துண்டோடு வாசலில் நிற்கிறார்கள் என்றார்.

மனைவியின் செல்லுக்கு இன்னொரு தடவை அடித்தார்.

"என்ன தலைவா, மூஞ்சி வெளுத்துப் போச்சு? டீயில சர்க்கரை போடலையா?"

பக்கத்து மேஜையிலிருந்து காற்றுக்காரர். வானிலைப் பிரிவு. வானத்தில் எந்த உயரத்தில் எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் காற்று அடிக்கிறது என்று சொல்வது அவர் வேலை. வாயை மூடாமல் ஜோக் அடிப்பது அவர் பழக்கம். அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ என்று நினைத்து அவரே திரும்பமாட்டார்.

டிஸ்பாட்சர் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவர் காதருகில் எல்லாவற்றையும் கொட்டினார். கேட்கக் கேட்கக் காற்றுக்காரர் முகத்திலிருந்த சிரிப்பு கழன்று விழுந்தது.

"சொன்னபடி செஞ்சிடு. ஒரு விமானம் ஒன்றரை மணி நேரம் லேட்டானா உலகம் அழிஞ்சிடாது."

"செய்ய முடியாதுடா. நான் போடற வழியை கேப்டன் ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டாதான் விமானம் கிளம்பும். காரணமே இல்லாம ஒன்றரை மணி நேரம் எரிபொருளை எரிச்சு சுத்துன்னா எந்தக் கேப்டன் ஒத்துக்குவார்? ஏன்னு கேட்பார். ஷிஃப்ட் மேடம்கிட்ட கேட்பார். விஷயம் நாலு காது போகும். அவ்வளவுதான்... என் வீட்டுக்காரி..."

அழுகை வந்தது. அலுவலகத்தில் அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டார்.

காற்றுக்காரர் தன் திரையைத் திருப்பினார்.

"இங்கே பாரு. நேர் வழியில இன்னிக்கு எதிர்க்காத்து. சோம்பேறித்தனமா முட்டிக்கிட்டு நிக்குது. தெற்கே ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி மேலே ஒரு காத்தாறு ஓடுது. இந்த சீசன்ல இவ்வளவு பலமா நான் பார்த்ததில்லை. இந்தப் பக்கமாத்தான் அடிக்குது. அதுல ஏத்திவிட்டா..."

"சீக்கிரம் வந்துடும்."

"நாற்பது நிமிஷம் முன்னாடி. மூணு இருபதுக்கு."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கேப்டன் சந்தோஷமா ஒத்துக்குவார்," என்றார் டிஸ்பாட்சர் மெதுவாக. "அந்த ஆள் மேப்ல பார்த்தா, விமானம் தெற்கே ஆயிரம் கிலோமீட்டர் சுத்தும்."

"தூரத்தை மட்டும் பார்ப்பான். காத்து மேப்ல தெரியாது."

"வந்து சேர்ற நேரம் தெரியுமே?"

"அது எங்கேருந்து தெரியுது? நீ குடுக்கறதுதானே?"

உண்மைதான். விமான நிலையத்தின் அறிவிப்புப் பலகையிலும், செல்ஃபோன் மேப்பிலும் ஓடுகிற நேரம் இந்த மேஜையிலிருந்து போவதுதான். டிஸ்பாட்சர் விசைப்பலகையை இழுத்தார். கேப்டனுக்கு அனுப்பிய திட்டத்தில் மூன்று இருபது. பலகைக்கு ஐந்தரை. இத்தனை வருஷ சர்வீஸில் அவர் கொடுத்த முதல் பொய் நேரம்!

காற்றுக்காரர் எழுந்தார்.

"எங்கே?"

"மொட்டை மாடிக்கு. வானத்தைப் பார்க்க."

"சேட்டிலைட் இருக்கே?"

"அது வானத்தைப் பார்க்க. நான் போறது எங்க அக்காவுக்கு ஃபோன் பண்ண. அக்கா இன்ஸ்பெக்டர்ங்கறது மறந்துபோச்சா? யூனிஃபார்ம் இல்லாம தேடச் சொல்றேன். பயப்படாதே."

டிஸ்பாட்சர் தடுக்க வாயெடுத்தார். தடுக்கவில்லை.

விமானிகளின் ஃபோன் அடித்தது. அந்தக் கோடி ஊரிலிருந்து கேப்டன்.

"என்ன தலைவரே, ஆயிரம் கிலோமீட்டர் சுத்திவிடறீங்க. ஊர் சுத்திக் காட்டறீங்களா?"

"காத்தைப் பாருங்க கேப்டன்."

"பார்த்தேன். நாற்பது நிமிஷம் மிச்சம். எரிபொருளும் குறைவு. கையெழுத்துப் போட்டாச்சு. இன்னிக்கு வீட்ல சீக்கிரம் போய் ஆச்சரியப்படுத்தப் போறேன்."

ஏழு மணிக்கு விமானம் எழும்பியது.

ஏழே முக்காலுக்கு மூன்றாவது ஃபோன் அலறியது!

"என்ன சார் இது? வண்டி நேரா வருது."

"முதல் ஒரு மணி நேரம் ரெண்டு வழியும் ஒண்ணுதான். அப்புறம்தான் பிரியும்."

"என்னை முட்டாளாக்கறீங்களா?"

"ஐயா, சத்தியமா சொல்றேன். இன்னும் கால் மணி நேரம் பொறுங்க."

"எனக்குப் பொறுக்க நேரமில்லை. உங்க சம்சாரத்துக்கும் இல்லை."

டிஸ்பாட்சர் திரையைப் பார்த்தார். குட்டி மஞ்சள் விமானம் நேர்கோட்டில் ஊர்ந்தது. பக்கத்து மேஜைக்குத் திரும்பி வந்திருந்த காற்றுக்காரர் நகம் கடித்தார். ஃபோனின் அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. இரண்டு ஆண்பிள்ளைகள் இரண்டு இடத்தில் உட்கார்ந்து ஒரே மஞ்சள் புள்ளியை முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

புள்ளி தலையைத் தெற்கே சாய்த்தது.

"திரும்பிடுச்சு," என்றது குரல். பெருமூச்சு ஒன்று கேட்டது. "ட்ரிப் முடியட்டும். பார்க்கலாம்."

வண்டி. ட்ரிப். லாரிக்காரன் பேச்சு என்று டிஸ்பாட்சருக்குத் தோன்றியது. மாடிக்கு ஓடிய காற்றுக்காரர் அதையும் அக்காவிடம் சொல்லிவிட்டு வந்தார்.

ஒன்பது மணிக்கு ஷிஃப்ட் மேடம் வந்து நின்றார். அறையின் தலைவி. மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தால் கேள்வி, கீழே பார்த்தால் மெமோ.

மேலே பார்த்தார்.

"கேப்டன் திட்டத்துல மூணு இருபது. பலகையில அஞ்சரை. எது சரி?"

"காத்து நிலைக்குமான்னு சந்தேகமா இருக்கு மேடம். பார்த்துட்டு மாத்தறேன்."

"காத்தையே நம்பலைன்னா அப்புறம் எதை நம்பறது?" என்று சொல்லிக்கொண்டே மேடம் போனார். காற்றுக்காரர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

பத்து மணி. பதினொன்று. டிஸ்பாட்சர் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடந்தார். தண்ணீர் ஊற்றிக் குடிக்காமல் வைத்தார். காற்றாறு திடீரென்று செத்துவிட்டால்? அந்த ஆள் யாரிடமாவது கேட்டு விஷயத்தைத் தெரிந்துகொண்டுவிட்டால்? காலையில் கிளம்பும்போது அவளிடம் சரியாகக்கூடப் பேசவில்லை. சாவியை எங்கே வைத்தாய் என்று எரிந்து விழுந்துவிட்டு வந்திருந்தார்.

மதியம் பன்னிரண்டு.

அவருடைய செல் அடித்தது. திரையில் மனைவி!

"ஏங்க, விட்டுட்டார். என்னைத் தேடி வந்த காற்றுக்காரரோட அக்கா கார்லதான் வந்தேன். கேன்டீன்ல இருக்கேன், வாங்க."

டிஸ்பாட்சர் படிகளில் விழுந்து எழுந்து ஓடினார்.

கேன்டீன் மூலையில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஈரமில்லாத தலை, கழுத்தில் விசில், எதிரே காபி. பக்கத்தில் சாதாரணச் சேலையில் இன்ஸ்பெக்டர். டிஸ்பாட்சர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுற்றிலும் ஆட்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"உட்காருங்க. உங்களுக்குத்தான் கை நடுங்குது," என்றாள்.

"அவன் யாரு? பிடிச்சாச்சா?"

இன்ஸ்பெக்டர் சலிப்போடு சிரித்தார். "எதுக்குப் பிடிக்கறது? உங்க வீட்டம்மா என்ன சொல்றாங்கன்னு கேளுங்க."

"யாரும் என்னைக் கடத்தலை. தெரிஞ்சவர் ஒருத்தரோட உட்கார்ந்து பேசிட்டு வந்தேன்."

"உனக்கு என்ன பைத்தியமா? கத்தி வெச்சிருந்தான்னு சொன்னியே?"

"வெச்சிருந்தார். கைப்பிடியில விலைச் சீட்டுகூடக் கிழிக்கலை. நேத்துதான் வாங்கியிருப்பார். அவரை ஒரு தள்ளு தள்ளியிருந்தா விழுந்திருப்பாருங்க. முதல்ல பயத்துல தள்ளலை. அப்புறம் அவர் கதையைக் கேட்டுட்டுத் தள்ளலை."

"என்ன கதை?"

"லாரி புக்கிங் ஆபீஸ் வெச்சிருக்கார். உங்க கார்கோ கேட்டுக்கு முப்பது வருஷமா லோடு அனுப்பறவர். ஒரே பொண்ணு. நர்ஸ். டியூட்டி முடிஞ்சு ரோட்டைக் கடக்கும்போது ஒருத்தன் காரை மேல ஏத்திக் கொன்னுட்டுப் போயிட்டான். பெரிய இடத்துப் பையன்."

டிஸ்பாட்சர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

"நிஜம்தான்," என்றார் அவர். "அந்தக் கேஸை விசாரிச்சவளே நான்தான். காரை ஓட்டினது அவன்தான்னு நிரூபிச்சாச்சு. இப்போ கடைசி நேரத்துல ஒரு சாட்சி முளைச்சிருக்கான். அன்னிக்கு அந்தப் பையன் கடல் தாண்டி என் வீட்ல இருந்தான்னு கூண்டுல ஏறிச் சத்தியம் பண்ணப் போறான். அதே ஆள் போன வருஷம் என்கிட்ட என்ன சொன்னான் தெரியுமா? அந்தப் பையன் யாருன்னே தெரியாதுன்னான். நடுவுல அவங்க கம்பெனியில பங்குதாரர் ஆயிட்டான்."

"அந்தச் சாட்சி..."

"உங்க விமானத்துல வர்றான். மூணு வாய்தா வாங்கிட்டாங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்குக் கோர்ட் எழுந்திருக்கறதுக்குள்ள அவன் கூண்டுல நிக்கலைன்னா, எதிர்த்தரப்புச் சாட்சியம் முடிஞ்சதுன்னு ஜட்ஜ் சொல்லிட்டார். நாலு மணிக்கு இறங்கினா அஞ்சுக்குள்ள வந்துடுவான். வாசல்ல அவனை அள்ளிட்டுப் போக மூணு கார் நிக்குது."

டிஸ்பாட்சர் அப்போதுதான் உட்கார்ந்தார். நாலு மணி எங்கே! அவன் மூன்று இருபதுக்கே வருகிறான். ரத்தினக் கம்பளம் விரித்துக் கூட்டிவருவதே அவர்தான். கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலை செய்தோம் என்று காலையிலிருந்து ஒரு ஓரத்தில் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெருமை இப்போது போன இடம் தெரியவில்லை.

"நான் இப்போ என்ன பண்றது?"

"நான் போலீஸ். என்கிட்ட இதைக் கேட்காதீங்க," என்று இன்ஸ்பெக்டர் எழுந்தார். "நான் கோர்ட்டுக்குப் போறேன்."

மனைவியும் எழுந்தாள். "பிள்ளைங்க சாயந்தரம் குளத்துக்கு வரும். நான் கிளம்பறேன். நீங்க செய்யறதைச் செய்ங்க."

மூன்று இருபது!

விமானம் மெத்தென்று இறங்கியது. கேப்டன் உற்சாகமாக இருந்தார்.

"காத்து வாழ்க தலைவரே! ஆனா எங்கே நிறுத்தறது? ஒரு பே-யும் காலி இல்லைன்னு டவர்ல சொல்றாங்க. புல்வெளி ஓரமா நிக்க வெச்சுட்டாங்க."

டிஸ்பாட்சருக்கு அப்போதுதான் உறைத்தது. பே என்பது விமானம் வந்து நின்று கதவைத் திறக்க ஒதுக்குகிற இடம். யாருக்கு எந்த பே என்று விமான நிலையத்து பே ஆபீசர் முடிவு செய்வது பலகை நேரத்தைப் பார்த்து. பலகையில் ஐந்தரை. அதுவரைக்கும் இவர்கள் பே-யில் வேறு ஒரு விமானத்தை நிறுத்திவிட்டார்கள்.

ஒரே ஒரு ஃபோன் போதும். பே ஆபீசரைக் கூப்பிட்டு, நேரம் தப்பாகப் போட்டுவிட்டேன் சார், மன்னிச்சிடுங்க என்று கெஞ்சினால் பத்து நிமிஷத்தில் ஏதாவது ஒன்றைக் காலி செய்து கொடுப்பார். நல்ல மனுஷர். டிஸ்பாட்சர் ரிசீவரில் கை வைத்தார். உள்ளே இருநூற்றுச் சொச்சம் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

மூன்றாவது ஃபோன் அடித்தது.

"தம்பி."

அதே குரல். காலையில் இருந்த கெத்து எல்லாம் போய்விட்டிருந்தது.

"சொல்லுங்க ஐயா."

"வண்டி வந்துடுச்சே."

"ஆமா."

"சுத்திதானே வந்துச்சு? கண்ணால பார்த்துட்டு இருந்தேனே. முப்பது வருஷமா லாரி அனுப்பறேன் தம்பி. தூரம் கூடினா நேரம் கூடாம இருந்ததே இல்லையே."

"மேலே காத்து அடிக்கும் ஐயா. பின்னாலேர்ந்து தள்ளிவிடும்."



"எங்க ரோட்டுல அப்படி யாரும் தள்ளிவிடறதில்லை," என்றார் கிழவர். "சரி. உங்களைக் குத்தம் சொல்லலை. உங்க இடத்துல நான் இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பேன். உங்க சம்சாரத்துகிட்ட இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க. எம் பொண்ணு வயசுதான் இருக்கும்."

"ஐயா, வெச்சிடாதீங்க. எங்கே இருக்கீங்க?"

"கோர்ட் வாசல்ல. உள்ளே போகப் பிடிக்கலை."

டிஸ்பாட்சர் விமான நிலையத்து ஃபோனிலிருந்து கையை எடுத்தார்.

"உள்ளே போய் உட்காருங்க. இறங்கிட்டா வந்துட்டதா அர்த்தமில்லை. கதவு திறக்கணும்."

அடுத்த பத்து நிமிஷத்தில் ஷிஃப்ட் மேடம் பறந்து வந்தார். கண்ணாடிக்கு மேலேயும் பார்க்கவில்லை, கீழேயும் பார்க்கவில்லை. கண்ணாடியையே கழற்றியிருந்தார்.

"என்ன நடக்குது இங்கே? சேர்மன் ஆபீஸ்லேர்ந்து ஃபோன். உள்ளே யாரோ முக்கியமான ஆளாம். உடனே பே வாங்கணுமாம். என் முன்னாடியே கூப்பிடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

டிஸ்பாட்சர் எண்ணை அழுத்தினார். மணி அடித்தது.

"பே கன்ட்ரோல்," என்றது ஒரு கட்டைக் குரல்.

"சார், புல்வெளி ஓரமா நிக்கறது எங்க விமானம். ஒரு பே வேணும்."

"அஞ்சு இருபது வரைக்கும் ஒண்ணும் கிடையாது. அஞ்சரைன்னு எழுதினது யாரு? நீங்கதானே? நாங்க என்ன ஜோசியமா பார்க்க முடியும்?"

"கொஞ்சம் பார்த்து..."

"பார்த்துட்டுத்தான் சொல்றேன். வைங்க."

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பல்லைக் கடித்தார். "சேர்மனுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நாளைக்கு நீங்க எனக்கு பதில் சொல்லணும்."

அவர் போனதும் டிஸ்பாட்சர் பக்கத்து மேஜையைப் பார்த்தார். நாற்காலி காலி. மொட்டை மாடியிலிருந்து இறங்கிவந்த காற்றுக்காரர் தொண்டையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தார்.

"நீ என் செல்லுக்கு அடிச்சதை மேடம் கண்டுபிடிக்கலையே? குரல் எப்படி? நீ சொல்லிக்குடுத்ததுல அந்த ஜோசியம் மட்டும் நானா சேர்த்தது."

நான்கு மணி. நான்கு ஐந்து. கேப்டன் இரண்டு தடவை கத்தினார். பயணிகளுக்குத் தண்ணீர் கொடுத்தாகிவிட்டது, பொறுமையைக் கொடுக்கத்தான் ஸ்டாக் இல்லை என்றார். டிஸ்பாட்சர் சட்டைக் காலரைத் தளர்த்தினார். இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. தாங்கிவிடலாம்.

நான்கு பத்து!

"தலைவரே," கேப்டன் குரல் மாறியிருந்தது. "நாலாவது வரிசையில ஒருத்தர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுச் சாஞ்சுட்டார். மூச்சு வாங்குதுன்னு சொல்றார். கதவைத் திறக்கணும்."

"யார் அவர்?"

"அரை மணி நேரமா யாரோ வக்கீலோட ஃபோன்ல சண்டை போட்டுட்டு இருந்தார். வெச்சதும் வலி வந்துடுச்சு."

காற்றுக்காரர் எட்டிப் பார்த்தார். "நடிக்கறான். சாட்சிக்காரன்தான். கதவைத் திறக்கவைக்க வக்கீல் சொல்லிக்குடுத்த வேலை. விடாதே."

"நிஜமா இருந்தா?"

"நடிப்புடா."

"அது எனக்கும் தெரியும். இருந்தாலும் உறுதியாத் தெரியாது." டிஸ்பாட்சர் ரிசீவரை எடுத்துவிட்டிருந்தார். "ஒருத்தர் உயிர் மேல பந்தயம் கட்ட எனக்கு வராது. காலையில என் வீட்டுக்காரி உயிர் மேல கட்டினாங்க. எப்படி இருந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும்."

ஆம்புலன்ஸ், டாக்டர், ஏணி வண்டி... மூன்றையும் அவரே கூப்பிட்டார். அடுத்து பே ஆபீசரை, இந்தத் தடவை நிஜமான பே ஆபீசரை, கூப்பிட்டுக் கெஞ்சினார். ஒளிக்க இனிமேல் என்ன இருக்கிறது? மற்றவர்களாவது வீடு போகட்டும். எட்டு நிமிஷத்தில் பே கிடைத்தது.

ஜன்னல் வழியே சிவப்பு விளக்கு சுழன்றுகொண்டு போவதைப் பார்த்தார். நான்கரை. இப்போது ஆம்புலன்ஸிலிருந்து குதித்து, வாசலில் நிற்கும் காரில் ஏறினால் ஐந்துக்குக் கோர்ட். கிழவர் உள்ளே போய் உட்கார்ந்திருப்பார். போகச் சொன்னதே இவர்தான். டிஸ்பாட்சர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

ஐந்து அடித்துச் சில நிமிஷங்களுக்குப் பிறகு காற்றுக்காரரின் செல் அடித்தது. அக்கா. ஸ்பீக்கரில் போட்டார்.

"கோர்ட் எழுந்துடுச்சு," என்றார் இன்ஸ்பெக்டர். "எதிர்த்தரப்புச் சாட்சியம் முடிஞ்சதுன்னு ஜட்ஜ் எழுதிட்டார். பெரியவர் என் பக்கத்துலதான் இருக்கார். அழறார். நல்ல அழுகைதான்."

டிஸ்பாட்சர் நிமிர்ந்தார். "சாட்சி வரலையா? ஆம்புலன்ஸ்ல ஏத்தியாச்சே?"

"ஏத்தினதுதான் தப்பாப் போச்சு அவனுக்கு. விமானத்துலேர்ந்து நெஞ்சு வலின்னு இறக்கின ஆளை நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகணுமாம். ரத்தப் பரிசோதனை ரெண்டு தடவை பண்ணாம எழுந்திருக்கவே விடமாட்டாங்களாம். வலியெல்லாம் இல்லை, நான் பொய்தான் சொன்னேன்னு கத்தியிருக்கான். நெஞ்சு வலிக்காரங்க எல்லாருமே இப்படித்தான் சொல்வாங்கன்னு டாக்டர் படுக்கவெச்சுட்டார்."

"இப்போ என்ன பண்றான்?"

"நாலு வார்டுபாய் பிடிச்சுட்டு இருக்காங்க. உடம்புக்கு ஒண்ணுமே இல்லைன்னு தலையில அடிச்சு சத்தியம் பண்றானாம்," என்றார் இன்ஸ்பெக்டர். "பண்ணட்டும்... சத்தியம் பண்ணத்தானே அவ்வளவு தூரம் சுத்தி வந்தான்!"